நாம் இல்லாத நாளுக்குப் பிள்ளையைத் தயார் செய்வதில் நடக்கும் தவறுகள்

"நல்ல நாளும் அதுவுமா ஏன் அச்சானியமாப் பேசறே?" என்று பேச்சை அடக்கிவிடுகிறோமே, தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. பெரும்பாலான வீடுகளில் சேர்த்து வைப்பதில் குறை இருக்காது. எது எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டால் கைக்கு வரும் என்பதைத்தான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் நாமினி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிஎஃப் படிவத்தில் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ எழுதியிருப்பார். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் படிவம் அப்படியே கிடக்கும். திருமணம் ஆனதும் புது நாமினேஷன் போட வேண்டும். யுஏஎன் என்கிற பிஎஃப் கணக்கு எண்ணும் ஆதாரும் இருந்தால் பிஎஃப் தளத்திலேயே முடிந்துவிடும் வேலை இது. பணியில் இருக்கும்போதே இறந்தால் பிஎஃப்போடு சேர்ந்து வரும் இடிஎல்ஐ காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மனைவிக்கு விதவைப் பென்ஷனும், இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை மாதப் பென்ஷனும் உண்டு. இது தெரியாமல் பிஎஃப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற குடும்பங்கள் உண்டு.

நாமினிதான் சொந்தக்காரர் என்று நினைப்பது அடுத்த தவறு. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான். அதில் பங்கு வாரிசுகளுக்கு. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே. பிள்ளை மைனர் என்றால் அப்பாயிண்டீ என்று ஒரு பெரியவர் பெயரையும் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கிளைம் நேரத்தில் காப்பாளர் சான்று கேட்டு நீதிமன்றத்துக்கு அலைய நேரலாம்.

பலர் எதிர்பாராத சிக்கல் வீட்டில் இருக்கிறது. கணவர் தன் பெயரில் வாங்கிய வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார் என்று வையுங்கள். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது மனைவிக்கு மட்டும் போகாது. மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் தாய் இருந்தால் நான்கு சம பங்கு. தாய் இருக்கிறார் என்பதையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் மைனர் என்றால் இன்னொரு முடிச்சு: படிப்புச் செலவுக்கே ஆனாலும், அவர்கள் பங்கைத் தாய் விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால் பிள்ளை மேஜராகி மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். அதனால்தான் வாங்க வருபவரின் வக்கீல் பத்திரத்தைப் பார்த்ததுமே வேண்டாம் என்கிறார். அனுமதி கிடைத்தாலும், மைனரின் பங்குப் பணத்தை 18 வயது வரை வங்கியில் டெபாசிட் செய்யச் சொல்வதே வழக்கம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது.

இத்தனையையும் தவிர்க்க ஒரு வெள்ளைத்தாள் போதும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பிறகு சச்சரவு குறையும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட வேண்டும். உயில்படி சொத்தைப் பெறப்போகிறவரையே சாட்சியாக உட்கார வைப்பதும், நம்மைவிடப் பத்து வயது மூத்தவரைப் பிடிப்பதும் தவறு. நாளைக்கு நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஆள் வேண்டுமே. சொந்தச் சம்பாத்தியத்தை மட்டுமல்லாமல் பூர்வீகச் சொத்து முழுவதையும் எழுதி வைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் தன் பங்குக்கு மேல் எழுத முடியாது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பங்கு முறையே வேறு. அவரவர் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்பதே சரி.

பிள்ளையை யார் வளர்ப்பது என்பதையும் உயிலில் எழுதலாம். ஆனால் தந்தை ஒரு காப்பாளரை நியமித்தாலும், தாய் இருக்கும்போது அது செயலுக்கு வராது. ஆகவே இருவரும் தனித்தனி உயிலில் ஒரே பெயரை எழுதுங்கள். இருவரும் ஒரே காரில் போகிற குடும்பங்களுக்கு இது மிக அவசியம்.

காப்பீட்டில் நடப்பது வேறு கூத்து. பாசத்தில் பிள்ளையின் உயிர்மேல் பாலிசி எடுப்பார்கள். வீட்டுக்கு வருமானம் கொண்டுவருபவருக்கு ஒன்றும் இருக்காது. மாதச் செலவு 30,000 என்றால் ஆண்டுக்கு 3.6 லட்சம். கடைசிப் பிள்ளை சொந்தக் காலில் நிற்க 15 ஆண்டு என்றால் 54 லட்சம். வீட்டுக்கடன் 20 லட்சம் பாக்கி, கல்லூரிக்கு 10 லட்சம் சேர்த்தால் 84 லட்சம். சம்பாதிப்பவர் பெயரில் அவ்வளவு காப்பீடு வேண்டும். விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காத கணக்கு இது. இறந்தால் மட்டுமே பணம் தரும் டெர்ம் பாலிசி எடுக்கும்போது சிகரெட்டையும் சர்க்கரையையும் மறைப்பது பிள்ளையின் பணத்தோடு விளையாடுவது; முதல் மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் அதைக் காட்டி மறுக்க முடியும். தொழிலில் கடன் உள்ளவர்கள் பாலிசி எடுக்கும்போதே 1874 திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் கேட்டு எடுத்தால், கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. பிறகு சேர்க்க வழியில்லை.

வங்கிப் பாஸ்புக்கில் மே மாதம் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னது 2 லட்சம் ஆயுள் காப்பீடு, பின்னது 2 லட்சம் விபத்துக் காப்பீடு. எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தவை. குடும்பத்துக்குத் தெரியாததால் கேட்கப்படாமலே போகின்றன.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். கணக்கு எண்கள், பாலிசி எண்கள், சீட்டுத் தவணை, கைமாத்துக் கொடுத்தது வாங்கியது, நகை அடகு வைத்த கடையும் ரசீதும். அடகுச் சீட்டை யாரும் எழுதுவதில்லை. வட்டி கட்டாமல் ஏலத்துக்குப் போன பிறகுதான் வளையலைத் தேடுவார்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். இறந்தவரின் சிம்மை உடனே முடக்காமல் சில மாதம் ரீசார்ஜ் செய்யச் சொல்லி வையுங்கள். எந்தப் பாலிசிக்குப் பிரீமியம், எந்தக் கடனுக்குத் தவணை என்பதெல்லாம் அதில்தான் வந்து விழும்.

பிள்ளையிடம் பேசுவதில் இரண்டு தவறுகள் சாதாரணம். ஒன்று, "நான் செத்தாத்தான் உனக்கு என் அருமை தெரியும்" என்று கோபத்தில் சொல்வது. நாளை உண்மையிலேயே ஏதாவது நடந்தால், தன்னால்தான் என்று சின்னப் பிள்ளை நம்பிவிடும். இன்னொன்று, தாத்தா "தூங்கிட்டார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்பது. நான்கைந்து வயதில் சாவு திரும்பி வராதது என்பதே முழுதாகப் புரியாது. தூங்குவதற்கே பயப்படும், அல்லது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "தாத்தா உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, இனி வரமாட்டார்" என்பது கடுமையாகத் தோன்றினாலும் குழப்பாது.

பத்து வயதுப் பிள்ளைக்கு நம் இருவர் செல் எண், ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098 மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்த வயதிலிருந்து வங்கிக் கணக்கைத் தானே இயக்கவும் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கூட அழைத்துப் போய்ச் செலானை அதன் கையாலேயே நிரப்ப விடுங்கள். குக்கரில் சாதம் வைப்பதும் தனியாக டவுன் பஸ் ஏறி இறங்குவதும் பையனுக்கும் பெண்ணுக்கும் பொது.

"நீ செத்துட்டா என்னை யாரும்மா பாத்துப்பா?" என்று ஒருநாள் கேட்கும். "சீச்சீ, வாயைக் கழுவு" என்று முடித்துவிடாதீர்கள். "ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நினைக்கிறேன். அப்படி ஆச்சுன்னா நீ சித்தி வீட்டுல இருப்பே, இதே ஸ்கூல்தான்" என்று பெயரோடு சொல்லலாம். ஆனால் அதற்கு முன்பே சித்தியையும் சித்தப்பாவையும் உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.