பழைய ரியோஹாவைத் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் வடக்கே, ரியோஹா வட்டாரத்து ஆரோ நகரின் ரயில் நிலையத்தை ஒட்டி, 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா, 1890இல் தொடங்கிய லா ரியோஹா ஆல்ட்டா போன்ற ஒயின் நிறுவனங்கள் இன்றும் இயங்குகின்றன. இவர்கள் பழைய முறையில் செய்யும் சிவப்பு ஒயின், நம் கைக்கு வருவதற்குள் பல ஆண்டு உழைப்பைக் கண்டுவிடுகிறது. அதை நேற்றுப் பிழிந்த ஒயினைப் போலக் கையாளுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் நிறம். கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறம் தெரிந்ததும் ஒயின் கெட்டுவிட்டது என்று கீழே கொட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். டெம்பிரானியோ திராட்சையின் சாறு 225 லிட்டர் ஓக் பீப்பாயில் கிடக்கும்போது, மரத்தின் வழியே மிகச் சிறிதளவு காற்று நுழைந்துகொண்டே இருப்பதால், நிறம் தரும் பொருட்கள் ஒன்றோடொன்று பிணைந்து மெல்ல அடியில் படிகின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றி, மண்டியைக் கழித்துவிடுகிறார்கள். வெளிறிய நிறமும், உலர்ந்த பழம், புகையிலை, தோல் ஆகியவற்றை நினைவூட்டும் மணமும் இப்படி வந்தவைதான். ஈர அட்டையின் வாடையோ காடி நெடியோ அடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

லேபிளில் உள்ள சொற்களைத் தரவரிசையாகப் படிப்பது இன்னொரு தவறு. கிரியான்சாவுக்கு மொத்தம் 2 ஆண்டு, ரெசெர்வாவுக்கு 3, கிரான் ரெசெர்வாவுக்கு 5 என்பது குறைந்தபட்ச வயது மட்டுமே. அந்தச் சொற்கள் சுவைக்கு உத்தரவாதம் அல்ல. லோபெஸ் தே எரேதியாவின் வின்யா தொண்டோனியா என்ற ஒயினின் ரெசெர்வா பீப்பாயில் மட்டுமே ஏறத்தாழ 6 ஆண்டு இருக்கிறது என்பதிலிருந்தே, விதிக்கும் வழக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது விளங்கும்.

‘அறை வெப்பநிலையில் பரிமாறுங்கள்’ என்ற அறிவுரை ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளுக்குப் பொருந்தும். 30 பாகை வெயிலில் அப்படியே ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் வரும். 16 முதல் 18 பாகை வரை போதும்.

திறப்பதில்தான் அதிகம் இழக்கிறோம். படுக்கவைத்திருந்த பாட்டிலை முந்தைய நாளே நிமிர்த்தி வைக்காவிட்டால் மண்டி முழுவதும் கலங்கிவிடும். இருபது ஆண்டுத் தக்கை திருகாணியின் பிடியில் பொடிந்துபோகும் என்பதால், இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பானைக் கண்ணாடிக்கும் தக்கைக்கும் இடையே மாறிமாறி அசைத்து இறக்கி, திருகியபடியே மேலே இழுப்பது நல்லது. பிறகு பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியை வைத்து, கை நடுங்காமல் ஒரே ஓட்டமாகத் தெளிவை வேறு குடுவைக்கு இறுத்து ஊற்ற வேண்டும்; கரிய மண்டி நூல்போல் கழுத்தை நோக்கி நகரும் அந்தக் கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

இறுத்ததை மணிக்கணக்கில் காற்றில் விடுவதும் கூடாது. பழைய பாட்டில் ஒன்றை மாலை 5 மணிக்கே இறுத்து வைத்துவிட்டு, 8 மணிக்கு விருந்தினருக்கு ஊற்றியபோது மணம் போய், புளிப்பு மட்டும் எஞ்சியிருந்ததை நானே கண்டேன். இன்றுவரை அது மனத்தை உறுத்துகிறது. இளம் ஒயினுக்கு நன்மை செய்யும் காற்று, பல ஆண்டுகளாகப் பீப்பாயில் காற்றைச் சுவாசித்த ஒயினைச் சீக்கிரமே தளரவைத்துவிடுகிறது.

உடன் உண்பதற்குக் காரம் மிகுந்த எதுவும் வேண்டாம். ரியோஹாவில், காய்ந்த திராட்சைக் கொடிகளை எரித்து அந்தத் தணலில் ஆட்டுக்குட்டியின் விலாத் துண்டுகளை உப்பு மட்டும் தூவிச் சுடுகிறார்கள்.