'விற்க' என்று எழுதிய மூன்று பெட்டிகள்: சாமான் குறைக்கக் கிளம்புபவர்கள் சறுக்கும் இடங்கள்

வீட்டை ஒழித்து முடித்துவிட்டேன் என்று தங்கை வீடியோ காலில் அழைத்தாள். ஒவ்வோர் அறையாகப் போனைத் திருப்பிக் காட்டினாள். அலமாரித் தட்டுகளில் கை நுழைய இடம் இருந்தது. மேசைமேல் ஒரு விளக்கு மட்டும். "எப்படி அண்ணா?" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. படுக்கையறையைக் கடக்கும்போது போன் லேசாகச் சாய்ந்தது. கதவுக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அட்டைப்பெட்டிகள். மேல் பெட்டியில் தடித்த மார்க்கரில் 'விற்க' என்று எழுதியிருந்தது.

எட்டு வருடத்துக்கு முன்பு நானும் இதே வார்த்தையை இதேபோல ஒரு பெட்டிமேல் எழுதினேன். அது என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன். அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று சாமான் குறைக்க நினைக்கிற பலரோடு உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள், நான் சறுக்கிய அதே இடங்களில். ஒரே நாளில் வீடு முழுவதையும் இழுத்துப் போடாதீர்கள், ஒரு டிராயரில் தொடங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெட்டி வாங்கிக்கொண்டு தொடங்குவது

வாங்காதீர்கள். எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

விற்றுவிடலாம் என்று ஒதுக்கி வைப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

புகைப்படம் எடுக்கும் ஆசையில் ஒரு காலத்தில் நல்ல கேமரா ஒன்றும் இரண்டு லென்சும் வாங்கியிருந்தேன். இரண்டு வருடம் ஆசை இருந்தது, அப்புறம் போய்விட்டது. வீட்டை ஒழிக்க உட்கார்ந்த நாளில் கேமராவை எடுத்துப் பார்த்து, "இதை யாராவது சும்மா கொடுப்பார்களா?" என்று பெட்டியில் வைத்தேன். கூடவே ஒருமுறைகூடப் போடாத மலையேற்றக் காலணி, பழைய டேப்லெட், காதுக்கு மாட்டும் பெரிய ஹெட்போன். பெட்டியை மூடி 'விற்க' என்று எழுதியபோது, அவை எல்லாம் வீட்டை விட்டே போய்விட்ட நிம்மதி வந்தது. மோசம் போவது அந்த நிம்மதியில்தான். முடிவு எடுத்துவிட்டோம் என்று மனசு கணக்கை மூடிவிடுகிறது. பொருள் அதே அறையில்தான் இருக்கிறது.

விற்பது என்பது ஒரு வேலை. படம் எடுக்க வேண்டும், அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். சார்ஜரைத் தேட வேண்டும். பில் எங்கே என்று பார்க்க வேண்டும். நான் விளம்பரம் போடவே நான்கு மாதம் ஆனது. போட்டதும் வந்த முதல் கேள்வி, "கடைசி விலை என்ன?" இரண்டாவது ஆள் நிறையக் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார், அதோடு சரி. மூன்றாவது ஆள்தான் நிஜமாகவே வாங்க வந்தவர். நான் கேட்டதில் பாதி சொன்னார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதன் அருமை இவருக்கு எங்கே தெரியும் என்று பதில்கூடப் போடவில்லை.

அந்தக் கோபத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது: உடைமை விளைவு (endowment effect), அதாவது நம்முடையது என்பதாலேயே ஒரு பொருளுக்கு அதிக மதிப்புப் போடுவது. உளவியலாளர் டேனியல் கானமன், பொருளாதார அறிஞர்கள் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் சேர்ந்து செய்த சோதனைகளை 1990-இல் வெளியிட்டார்கள். அதில் ஒன்று மாணவர்களிடம் நடந்தது. பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபி குவளையைக் கொடுத்து, விரும்பினால் விற்கலாம் என்றார்கள். மற்றவர்களிடம், விரும்பினால் வாங்கலாம் என்றார்கள். குவளை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. என்னிடம் பாதி விலை சொன்ன ஆள் சரியான விலையைத்தான் சொல்லியிருக்கிறார். சற்று நேரம் கையில் இருந்த குவளைக்கே அப்படியென்றால், வருடக்கணக்கில் கழுத்தில் மாட்டித் திரிந்த கேமராவுக்கு நான் என்ன விலை வைத்திருப்பேன்!

அப்புறம் பெட்டிமேல் இன்னொரு பெட்டி ஏறியது. அதன்மேல் போர்வை. ஒதுக்கி வைத்த மூலையை, ஒதுக்கி வைக்கத்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிடுவார்கள். மூன்று வருடம் கழித்து வீடு மாற்றும்போதுதான் அதைத் திறந்தேன்.

முதலில் லென்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல் போல வெள்ளையாகக் கிளை விட்டிருந்தது. பூஞ்சை. இருட்டும் ஈரமும் அதற்குப் போதும். தோல் உறையில் போட்டு மூடி வைத்தது இன்னும் வசதி. நாள்பட்டால் பூஞ்சையிலிருந்து கசியும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. இன்னொரு லென்சிலும் அதே கதை.

டேப்லெட்டின் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்லச் சார்ஜ் இழக்கும். ஒரேயடியாக வற்றிப்போய் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே கெடத் தொடங்கும், சில சமயம் வாயு சேர்ந்து உப்பும். எடுத்து வைத்தே ஆக வேண்டுமென்றால் பாதிச் சார்ஜில், சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். உப்பியதை அமுக்கவோ குத்தவோ கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். விற்க வைத்த பொருளை, பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் போய்க் கெஞ்ச வேண்டியதாயிற்று.

காலணிதான் உச்சம். ஒரு நாள்கூடப் போடாதது, உள்ளே திணித்த காகிதம்கூட அப்படியே இருந்தது. கையில் எடுத்து அடிப்பாகத்தை லேசாக வளைத்தேன். ஊறிய ரஸ்க் மாதிரி பிய்ந்து, கறுப்புப் பொடியாகத் தரையில் உதிர்ந்தது. பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, வருடங்கள் போனால் தானாகவே உளுத்துவிடும். போட்டு நடந்தாலும் சரி, பெட்டியில் புதிதாக வைத்திருந்தாலும் சரி. நல்ல காலணி, பிறகு போட்டுக்கொள்ளலாம், பிறகு விற்கலாம் என்று நாம் பத்திரப்படுத்தும்போது அது பாட்டுக்கு உளுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெட்டியில் இருந்து விற்றது ஹெட்போன் ஒன்றுதான். அதுவும் காது மெத்தை உரிந்துபோன நிலையில், ஒரு பேச்சுக்கு விலை வைத்து. அன்றைக்கே யாருக்காவது எல்லாவற்றையும் கொடுத்திருந்தால், ஒருவர் படம் எடுத்திருப்பார், ஒருவர் மலை ஏறியிருப்பார்.

விற்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. இப்போதும் விற்கிறேன், சில கெடுபிடிகளோடு. பெட்டிமேல் 'விற்க' என்று மட்டும் எழுதுவதில்லை. பக்கத்தில் தேதி போடுகிறேன். அன்றிலிருந்து 2 வாரம். அதற்குள் போகாவிட்டால் 15-ஆம் நாள் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிடுகிறேன். ஒரு சமயத்தில் மூன்று பொருளுக்கு மேல் விற்க எடுப்பதில்லை, நான்காவது வந்தால் அது நேராகத் தானத்துக்கு. விலை வைக்கும்போது, வாங்கியபோது எவ்வளவு கொடுத்தேன் என்பதை நினைக்கவே மாட்டேன். அந்தப் பணம் அன்றைக்கே போய்விட்டது. மற்றவர்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையையும் நம்புவதில்லை, அவர்களும் குவளையைக் கையில் வைத்திருப்பவர்கள்தானே. என்னிடம் இந்தப் பொருள் இல்லை என்று வைத்துக்கொண்டு, இதே கீறலோடு இதே நிலையில் இருப்பதை நான் எவ்வளவு கொடுத்து வாங்குவேன் என்று கேட்டுப் பார்க்கிறேன். பாதி நேரம் பதில், "வாங்கவே மாட்டேன்" என்றுதான் வருகிறது. அப்படியென்றால் விற்கும் பேச்சே இல்லை.

இன்னொரு கேள்வியும் உதவும். அந்தத் தொகைக்காக முன்பின் தெரியாத நான்கு பேரோடு பத்து முறை பேசத் தயாரா? வாசல் வரை வந்து பேரம் பேசிவிட்டுப் போகிறவரைச் சிரித்துக்கொண்டே அனுப்பத் தயாரா? எனக்குப் பொறுமை குறைவு. உங்களுக்கு இருக்கலாம்.

தானம் என்ற பெயரில் குப்பையைத் தள்ளிவிடுவது

ஜிப் போன பை, மூடி இல்லாத டப்பா, பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புத்தகம். இவற்றைக் கொடுத்தால் தூக்கிப் போடும் வேலையைத்தான் கொடுக்கிறீர்கள். முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

காகிதத்தில் கை வைக்கும் அவசரம்

துணியும் பாத்திரமும் கழித்த வேகத்திலேயே காகிதத்துக்கு வருகிறார்கள். நானும் வந்தேன். பழைய கரண்ட் பில், காலாவதியான உத்தரவாத அட்டை என்று கட்டுக் கட்டாகக் கிழித்தேன், கை வலிக்கிற வரை. ஒரு கட்டின் நடுவே என் படிப்புச் சான்றிதழ் இருந்திருக்கிறது. வேறு எதற்கோ நகல் எடுத்துவிட்டு அதில் செருகியிருப்பேன். அதற்குப் பதிலாக இன்னொரு சான்றிதழ் வாங்க ஏறி இறங்கிய படிகளை எண்ணினால், ஒரு மலை ஏறியிருக்கலாம். காலணிதான் இல்லை.

காகிதத்தைக் கட்டாகக் கழிக்காதீர்கள், தாள் தாளாகப் பாருங்கள். சலிப்பான வேலைதான். தினம் 10 நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு அசலைத் தூக்கி எறிகிறேன் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அசல் கேட்கும் இடங்களில் ஸ்கேன் செல்லாது என்பது ஒரு பக்கம். ஸ்கேனை எங்கே வைக்கிறீர்கள்? ஒரே ஒரு பென் டிரைவில் என்றால் அது சேமிப்பே இல்லை. பென் டிரைவ் மின்னேற்றமாகத்தான் தகவலைப் பிடித்து வைத்திருக்கிறது, வருடக்கணக்கில் செருகாமல் கிடந்தால் அது கசிந்து போகலாம். குறைந்தது இரண்டு இடத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மாறாக, உடனே படம் எடுத்து வைக்க வேண்டியது கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகளை. அவற்றில் மை கிடையாது, சூடு பட்டுக் கறுக்கும் தாள் அது. வெளிச்சத்திலும் வெக்கையிலும் எழுத்து மங்கி, உத்தரவாதம் கேட்கப் போகும் நாளில் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும்.

பழைய போனை அப்படியே கொடுப்பது

படங்களை அழித்தால் மட்டும் போதாது. கணக்குகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தவர் பொருளைக் கழிப்பது

நம் பொருளைக் குறைத்த உற்சாகத்தில் கண் அடுத்தவர் அலமாரிக்குப் போகும். அப்பாவிடம் ஒரு தகர டப்பா இருந்தது. திருகாணி, வாஷர், எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள். அவர் ஊரில் இல்லாத நாளில் அதைக் கழித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவருடைய கண்ணாடியின் காது கழன்றது. எழுந்து நேராக அந்த அலமாரிக்குப் போனார். டப்பா இருந்த இடத்தில் கையை வைத்துத் தடவினார், என்னைப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரமே அவர் அலமாரிக்குப் பூட்டு வந்தது. அதுவரை, கேட்டால் ஒன்றிரண்டு பொருளையாவது எடுத்துக்கொள் என்று விடுவார். அதற்குப் பிறகு கிழிந்த காலண்டரைக்கூட உள்ளே வைத்துப் பூட்டினார். நான் ஒரு டப்பாவைக் குறைக்கப் போய் ஓர் அலமாரியைக் கூட்டிவிட்டேன். கூட இருப்பவர்கள் குறைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் உங்கள் பக்கத்தை மட்டும் ஒழித்துவிட்டுச் சும்மா இருங்கள். சிலர் தாமாகவே வருவார்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கைப் போட்டி

மொத்தம் 100 பொருள்தான் வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படுபவரிடம், ஒரு ஜோடி காலுறை ஒன்றா இரண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

நினைவுப் பொருட்களில் தொடங்குவது

முதல் நாளே பழைய கடிதங்களைப் பிரித்தால் மாலை வரை படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஒன்றும் வெளியே போகாது. கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கை கொஞ்சம் பழகியிருக்கும்.

தங்கையை நேற்று மறுபடி அழைத்தேன். தேதி போடச் சொன்னேன். "அதெல்லாம் நல்ல சாமான் அண்ணா, அவசரப்படாதே" என்றாள். பேட்டரி உள்ள எதையாவது அதில் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அட்டையைப் பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.