ஆரன் தீவில் ஒரு பகல்: இருவராகக் கோட்ஃபெல் ஏறிக் கடைசிக் கப்பலுக்குத் திரும்புவது எப்படி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையையொட்டிய ஆரன் தீவுக்குக் கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய் வர நினைக்கும் தம்பதியர் முதலில் பார்க்க வேண்டியது மலையின் உயரத்தை அல்ல, தீவை விட்டுப் புறப்படும் கடைசிக் கப்பலின் நேரத்தை. தீவின் மிக உயர்ந்த சிகரமான கோட்ஃபெல் 874 மீட்டர்தான். நல்ல உடல்நிலையும் நல்ல காலணியும் உள்ள எவரும் கயிறு இல்லாமல் ஏறிவிடலாம். அந்த மலையில் பெரும்பாலோர் தடுமாறுவது உயரத்தால் அல்ல, கணக்கில் வராத அரைமணி நேரங்களால்தான். ஆகவே கப்பல் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நாளை வகுத்துக்கொள்வதே என் முதல் ஆலோசனை.

கிளாஸ்கோ சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரயிலில் ஆர்ட்ராசனுக்கோ ட்ரூனுக்கோ போய், அங்கிருந்து கால்மாக் என்ற நிறுவனத்தின் கப்பலில் ஏறி, தீவிலுள்ள பிராடிக் ஊரில் இறங்க வேண்டும். ஆர்ட்ராசனிலிருந்து கடல் பயணம் ஏறத்தாழ 55 நிமிடம். ட்ரூனிலிருந்து அதைவிடக் கூடுதலாகும். அண்மை ஆண்டுகளில் இரண்டு துறைகளும் மாறி மாறிப் பயன்பட்டு வருவதால், உங்கள் கப்பல் எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது என்பதை முந்தைய இரவே சரிபார்த்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பல் ரத்தாகும் என்பதால், புறப்படும் காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது கணக்குக்கு வருவோம். வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொல்லிவைத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பாதை தொடங்கும் கிளாடக்கிலிருந்து சிகரம் போய் வர 10 முதல் 11 கிலோமீட்டர். அதற்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆக மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நிற்காமல், உண்ணாமல், படம் எடுக்காமல், துணைக்காகக் காத்திராமல் நடப்பவருக்கான கணக்கு இது. சாதாரணமாக நடக்கும் இருவருக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரம் வேண்டும்.

காலை 11 மணிக்குப் பிராடிக்கில் இறங்குகிறீர்கள், மாலை 7 மணிக்குத் திரும்பும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். 6.30-க்குத் துறையில் இருக்க வேண்டும். கிளாடக்கிலிருந்து கடற்கரை ஓரமாகத் துறைக்கு நடக்க 40 நிமிடம் ஆகுமாதலால், 5.50-க்கு மலையடிவாரத்தில் இருக்க வேண்டும். இறங்க இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால், 3.20-க்குச் சிகரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் 3.15 என்றே வைத்துக்கொள்வேன். அந்த நேரம் வந்ததும், சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் திரும்பிவிடுவது என்று கப்பலில் உட்கார்ந்திருக்கும்போதே இருவரும் பேசி முடித்துவிடுங்கள். பாறைமேல் மூச்சிரைக்க நின்றுகொண்டு "இன்னும் பத்து நிமிஷந்தான், வா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சி பல தம்பதியரின் பயணத்தில் வந்திருக்கும். எங்கள் பயணத்திலும் வந்தது.

இருவர் நடக்கும்போது பையை எப்படிப் பகிர்வது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். முதல்முறை போனபோது சுமையெல்லாம் என் கணவரின் பையில் இருந்தது. அவர் வேகமாக நடப்பவர், நான் ஒரு வளைவு பின்னால் வந்துகொண்டிருந்தேன். திடீரென மழை பிடித்துக்கொண்டது. "ஏங்க, என் மழைக்கோட்டு!" என்று கத்தியது காற்றில் அவர் காதில் விழவே இல்லை. அவரை எட்டிப் பிடிப்பதற்குள் உள்சட்டைவரை நனைந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான்: மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, குல்லாய், தண்ணீர், தின்பண்டம், விசில், டார்ச் ஆகியவை ஆளுக்கொரு செட், அவரவர் முதுகில். வரைபடமும் முதலுதவிப் பொருளும் மட்டும் பொதுவானவை. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 361 என்ற வரைபடத் தாள் தீவு முழுவதையும் காட்டும். கைப்பேசி வரைபடம் இருந்தாலும் அந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமாக நடப்பவருக்கு இது முதல் அரைமணி நேரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

உடையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்த பருத்தி லேசில் காயாது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். துறையில் இதமாக இருக்கும் நாளிலும் சிகரத்தில் ஆறேழு டிகிரி குறைவாக இருக்கும். காற்று அதை இன்னும் கடுமையாக்கும். மலை வானிலைக்கென்றே தனி முன்னறிவிப்பு அங்கே தினமும் வெளியாகிறது. அதில் மழையைவிடக் காற்றின் வேகத்தையும், மேகம் எந்த உயரத்தில் தங்கும் என்பதையும் கவனியுங்கள்.

உணவிலும் ஒரு படிப்பினை உண்டு. ஆசையாகக் கட்டிக்கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சிகரத்தில் பிரித்தபோது விரல்கள் மரத்துப்போயிருந்தன. சோறும் காற்றில் பறந்தது. உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தியே அந்த இடத்துக்கு ஏற்றது, கையுறையைக் கழற்றாமலே தின்னலாம். கூடவே பிளாஸ்க் நிறையச் சூடான தேநீர்.

பாதை பிராடிக் கோட்டையின் காட்டு வழியே, ரோடோடென்ட்ரான் புதர்களுக்கிடையே மெல்ல ஏறுகிறது. கோட்டையும் மலையும் 1958 முதல் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து அமைப்பின் பராமரிப்பில் இருப்பதால் பாதை தெளிவாகவும் கல் பாவியும் இருக்கும். காட்டைத் தாண்டி ஓடையைக் கடந்து மான்வேலிக் கதவை அடைவீர்கள். கடந்ததும் மறக்காமல் சாத்துங்கள். அதற்கு மேல் மரமே கிடையாது. ஹெதர் புதர் படர்ந்த திறந்த மேட்டுநிலம், அதன் முடிவில் மேயல் பிரெக் என்ற தோள்பகுதி. இங்கே நின்று கடிகாரத்தையும் மேகத்தையும் பாருங்கள். சிகரம் மறைந்திருந்தால், காற்றில் நிமிர்ந்து நிற்க முடியாதிருந்தால், திரும்புவதற்கு வசதியான இடம் இதுதான்.

கடைசிப் பகுதி செங்குத்தான கற்குவியல். ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்து இறுகிய கிரானைட் இது. காய்ந்திருக்கும்போது காலணியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சிதைந்த பரல் சரிந்த பாறைமேல் கிடக்குமிடங்களில், தரையில் கேழ்வரகு சிந்தியதுபோல் கால் வழுக்கும். ஏறும்போது இது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். அத்தகைய இடத்தில் குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் பதித்து, சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். ஊன்றுகோல் இருந்தால் முழங்கால் உங்களை வாழ்த்தும்.

சிகரத்தில் நில அளவைத் தூணும் திசைகாட்டும் பலகையும் உண்டு. மேற்கே ரம்பப் பற்கள் போன்ற முகடுகள். அவற்றுள் கிர் வோர் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பெரிய சீப்பு என்று பொருள், பார்த்ததும் பெயரின் காரணம் புரிந்துவிடும். தெற்கே கடலில் தனித்து நிற்கும் குமிழ் ஏல்சா கிரேக். பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் ஒலிம்பிக் கர்லிங் விளையாட்டின் கற்கள் அந்தத் தீவின் கிரானைட்டில்தான் செய்யப்படுகின்றன. தெளிவான நாளில் அயர்லாந்தும் தெரியும். வடக்கு முகடு வழியாகப் போய்க் கோரி என்ற கடலோர ஊரில் இறங்கிப் பேருந்து பிடிக்கும் வழியும் உண்டு. அழகான வழிதான், ஆனால் பாறையில் கைவைத்துத் தவழும் இடங்கள் வரும். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய முதல் பயணத்தில், வந்த வழியே இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

காற்று ஓய்ந்த கோடை மாலையில் மிட்ஜ் என்னும் பொடிக்கொசு காட்டுப் பகுதியில் மொய்க்கும். நின்றால் கடிக்கும், நடந்தால் பின்தங்கிவிடும். உண்ணிகளால் லைம் நோய் வரக்கூடும் என்பதால் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெயில் காயும் பாதையோரத்தில் ஆடர் என்ற விரியன் பாம்பு கிடக்கலாம். விலகிப் போனால் அதுவும் விலகிவிடும். அடிபட்டு நகர முடியாவிட்டால் 999 அழைத்து, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிக்னல் இல்லையெனில் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள்.

வானம் சரியில்லாத நாளில் மலையை விட்டுவிடுங்கள். பிராடிக்குப் பக்கத்திலேயே கிளென் ரோசா பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக நடக்கலாம், அல்லது பேருந்தில் வைட்டிங் பே போய்க் கிளெனாஷ்டேல் அருவியைப் பார்க்கலாம். மழை நாளில் அருவிக்குத்தான் களை அதிகம்.

திரும்பும் கப்பலில் பின்பக்க மேல்தளத்தில் நில்லுங்கள். ஏறிய பாதை முழுவதும் அங்கிருந்து தெரியும். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, கழுத்து என்று ஒருவருக்கொருவர் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடுத்துவிட்டு, பிறகு தூங்கப் போகலாம்.