ஏற்பி உட்கருவுக்குள் போனதா? செல்லைப் பிரித்துப் பார்க்கும் செய்முறை

ஸ்டீராய்டு ஹார்மோன் வந்து ஒட்டியதும் அதன் ஏற்பி (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்குப் போகும் என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் படித்திருப்போம். அந்தப் பயணத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) பார்ப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறேன். செல் வளர்க்கவும் பிளாட் ஓட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழக ஏற்றது குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி. ஏ549 என்ற மனித நுரையீரல் புற்றுநோய்ச் செல்லில் அது இயல்பாகவே நிறைய இருக்கிறது, எந்த ஜீனையும் உள்ளே செலுத்த வேண்டியதில்லை. ஹார்மோன் இல்லாதவரை எச்எஸ்பி90 முதலிய துணைப் புரதங்களோடு பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் இருக்கும். ஹார்மோன் ஒட்டியதும் இம்போர்ட்டின் அதைப் பிடித்து உட்கருத் துளை வழியாக உள்ளே கொண்டுபோகும். உள்ளே ரான்-ஜிடிபி (Ran-GTP) வந்து இம்போர்ட்டினோடு சேர்ந்ததும் சரக்கு இறங்கிவிடும். ஏறக்குறைய 40 கிலோடால்டனுக்கு உட்பட்ட புரதங்கள் அந்தத் துளையில் தாமாகவே ஊடுருவும். நம் ஏற்பியோ 95 கிலோடால்டனை ஒட்டியது. உயிருள்ள செல்லில் அது உள்ளே இருக்கிறதென்றால், ஏதோ ஒன்று அழைத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

படி 1: சீரத்தை மாற்றுங்கள்

நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். டெக்ஸாமெத்தசோன் (இந்த ஏற்பியில் ஒட்டும் செயற்கை ஹார்மோன்) சேர்க்காத பூஜ்ய நிமிட மாதிரியிலேயே உட்கருப் பங்கில் ஏற்பி அடர்த்தியாகத் தெரிந்தது. ஹார்மோன் கொடுத்த பிறகும் பெரிய மாற்றமில்லை. முதலில் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டேன், வேறு வாங்கினேன். அடுத்து பஃபரைச் சந்தேகப்பட்டேன், எல்லாவற்றையும் புதிதாகக் கலந்தேன். அதே பட்டைகள்தான் வந்தன. கடைசியில் பார்த்தால் குற்றவாளி, மீடியத்தில் சேர்க்கும் சீரம். கன்றுச் சீரத்தில், இதே ஏற்பியில் ஒட்டும் இயற்கை ஹார்மோனான கார்ட்டிசோல் இருக்கிறது. நான் ஹார்மோன் சேர்ப்பதற்கு முன்பே ஏற்பியில் கணிசமான பங்கு உள்ளே போய்விட்டிருந்தது.

அதனால் சோதனைக்கு முந்தைய 24 மணி நேரம், கரியால் ஸ்டீராய்டு நீக்கப்பட்ட சீரத்தில் செல்களை வையுங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சீரமே இல்லாமல் பட்டினி போடுவதை நான் விரும்புவதில்லை. செல் சோர்ந்து, வேறு மாற்றங்களும் சேர்ந்துகொள்ளும்.

படி 2: ஹார்மோன்

டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார். 0, 10, 30, 60 நிமிடங்கள். பூஜ்யத் தட்டில், அதைக் கரைக்கப் பயன்படுத்திய எத்தனால் மட்டும் அதே அளவு. மீடியத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கியே சேர்க்க வேண்டும். குளிர்ந்ததை ஊற்றினால் ஏற்பி நகர்வது தாமதமாகி 10 நிமிடப் புள்ளி பொய்யாகிவிடும். நேரம் முடிந்த நொடியே தட்டு ஐஸுக்குப் போக வேண்டும்.

படி 3: செல்லை உடைத்தல்

பஃபர் எளிது: ஹெப்பிஸ் 10 மில்லிமோலார் (பிஎச் 7.9), பொட்டாசியம் குளோரைடு 10, மெக்னீசியம் குளோரைடு 1.5, டிடிடி 0.5, கூடவே புரோட்டியேஸ் தடுப்பான். இதில் 200 மைக்ரோலிட்டர் விட்டு ஐஸில் 10 நிமிடம் வைத்தால் செல் நீர் உறிஞ்சி உப்பும். பிறகு செல் சவ்வைக் கரைக்கும் மென்மையான சோப்பான என்பி-40 சேருங்கள். நான் 0.1 சதவீதத்தில் தொடங்குவேன்.

அடுத்து என்ன செய்வது என்பதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு துளி எடுத்து டிரைபன் புளூ கலந்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஓரம் மழமழவென்று, நீலமாக, உருண்டையாகத் தனித்தனி உட்கருக்கள் தெரிந்தால் நிறுத்துங்கள். நீலத்தைச் சுற்றிக் கந்தல்போல ஏதாவது ஒட்டியிருந்தால் இன்னும் ஓரிரு நிமிடம் விடலாம். உட்கருக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகி, பைப்பெட் முனையில் நூல் நூலாக இழுத்தால் உட்கரு கிழிந்து டிஎன்ஏ வெளியே வந்துவிட்டது. அந்த மாதிரியை விட்டுவிடுங்கள்.

1000 ஜி விசையில் 5 நிமிடம் சுற்றுங்கள். மேலே நிற்பது சைட்டோபிளாசம், அடியில் படிந்தது உட்கரு. அடியில் உள்ளதை அதே பஃபரில் ஒருமுறை கழுவுங்கள்.

படி 4: ஏற்றுதல்

உட்கருப் படிவை எஸ்டிஎஸ் கலந்த பஃபரில் கரைத்து, சோனிகேட்டரில் சில நொடிகள் வைத்து, சைட்டோபிளாசப் பங்கின் அளவுக்கே கொண்டுவாருங்கள். இரண்டிலும் ஒரே கொள்ளளவை ஏற்றுங்கள். அப்போதுதான் இரண்டு தடங்களும் ஒரே எண்ணிக்கைச் செல்களைக் காட்டும். பலரும் புரதத்தை அளந்து சம மைக்ரோகிராம் ஏற்றுகிறார்கள். உட்கருப் பங்கில் மொத்தப் புரதம் குறைவு என்பதால், அப்படிச் செய்தால் அங்கிருக்கும் ஏற்பி மிகையாகத் தெரியும். பங்கீட்டைக் கேட்கும் சோதனைக்கு அது தவறான வழி என்பது என் திடமான கருத்து.

ஒவ்வொரு பிளாட்டிலும் டியூபுலினும் (சைட்டோபிளாசத்தின் அடையாளப் புரதம்) லேமின் ஏ/சியும் (உட்கருவின் அடையாளப் புரதம்) பாருங்கள். உட்கருத் தடத்தில் டியூபுலின் தெரிந்தால் ஏற்பியைப் பற்றி எதுவும் பேசாதீர்கள், படி 3க்குத் திரும்புங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 30 நிமிடத்தில் ஏற்பியின் பெரும்பகுதி உட்கருத் தடத்தில் இருக்கும்.

சேர்ப்பு 1: "உட்கருப் பங்கில் லேமினே வரவில்லை" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் 420 மில்லிமோலார் உப்பில் உட்கருப் புரதங்களைப் பிரித்தெடுத்து, கரையாத படிவை எறிந்திருக்கிறார். லேமினும் ஹிஸ்டோனும் பெரும்பாலும் அந்தப் படிவிலேயே தங்கிவிடும். படி 4இல் உட்கருவை முழுதாகக் கரைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சேர்ப்பு 2: எம்சிஎஃப்-10ஏ என்ற மனித மார்பகச் செல்லில் செய்த இன்னொருவருக்கு, சீரத்தை மாற்றியும் பூஜ்ய நிமிடத்திலேயே ஏற்பி உள்ளே இருந்தது. அந்தச் செல்லின் வழக்கமான மீடியத்தில் ஹைட்ரோகார்ட்டிசோனையே (கார்ட்டிசோலின் இன்னொரு பெயர்) மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் சேர்க்கிறோம். அது சுமார் 1.4 மைக்ரோமோலார், நாம் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனைவிடப் பத்து மடங்குக்கும் மேல். முந்தைய நாளே அதை நிறுத்துங்கள்.

சேர்ப்பு 3: ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு இந்த முறையை நம்ப வேண்டாம். அது ஹார்மோன் இல்லாதபோதும் பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கிறது, ஆனால் பிடிப்பு தளர்வு. செல்லை உடைத்ததும் வெளியே கசிந்து சைட்டோபிளாசப் பங்கில் சேர்ந்துவிடும். இதனால் ஆய்வாளர்களே பல ஆண்டுகள் அதைச் சைட்டோபிளாச ஏற்பி என்று எண்ணியிருந்தார்கள். 1984இல் ஆன்டிபாடி நிறமேற்றமும், செல்லை உடைக்காமல் உட்கருவைத் தனியே பிரித்தெடுத்த சோதனையும் வந்த பிறகே அந்தக் கருத்து மாறியது. அதற்குச் செல்லை உடைக்காமல், ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, ஆன்டிபாடியால் நிறமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.