பழைய இத்தாலி ரேஸ் சைக்கிளைப் புதுப்பிக்கும்போது செய்யக் கூடாதவை

பழைய இத்தாலி ரேஸ் சைக்கிள் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அன்றைக்கே பார்ட்ஸ் தேட ஆரம்பித்துவிடுகிறோம். கம்பன்யோலோ என்ற இத்தாலி பார்ட்ஸ் கம்பெனியின் பெயர் பொறித்த எதைக் கண்டாலும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பிரேம் எந்தக் காலத்தில் செய்தது, அதன் அளவுகள் என்ன என்று தெரியாமல் வாங்கும் சாமான் கடைசியில் மூலையில்தான் கிடக்கும்.

மதுரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வேலை தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. லேத், வெல்டிங், பஃபிங், பவுடர் கோட்டிங் என்று எதைக் கேட்டாலும் சீக்கிரமே முடித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த வசதியே பழைய பிரேமுக்கு எமனாகிவிடுகிறது, ஏனென்றால் சுரண்டி எடுத்த உலோகமும் வெட்டிப்போட்ட மரையும் திரும்பி வராது. பட்டறைக்குப் போகும் முன் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேலை தப்பாகப் போனால் பழையபடி ஆக்க முடியுமா?

நான் பார்த்த வரை அதிக நாசம் நடப்பது பிபியில், அதாவது கிராங்கின் ஆக்ஸில் சுற்றும் பாட்டம் பிராக்கெட்டில். இங்கே கியர் சைக்கிள்களில் பழகிய கைகளுக்குத் தெரிந்தது பிரிட்டிஷ் மரை. அதில் செயின் பக்கத்துப் பேரிங் கப்புக்கு இடது மரை, கழற்ற வேண்டுமென்றால் கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்ப வேண்டும். இத்தாலி பிரேமில் இரண்டு பக்கமும் வலது மரைதான். பழக்கத்தில் அதே பக்கம் திருப்பினால் கப் கழறுவதற்குப் பதிலாக இன்னும் இறுகும், வரவில்லையே என்று ஸ்பேனரில் பைப்பைச் சொருகி ஏறி மிதிப்பார்கள், அத்தோடு மரை போச்சு. பிரிட்டிஷ் மரை 1.37 அங்குலம், அதாவது ஏறக்குறைய 34.8 மி.மீ.; இத்தாலி மரை 36 மி.மீ. பிரிட்டிஷ் பிரேமில் மரை போனால் இத்தாலி அளவுக்குப் பெரிதாக்கி மறுபடி மரை போட்டுக்கொள்ளலாம். இத்தாலி பிரேமில் போனால் அதற்கடுத்த பெரிய அளவு என்று வழக்கத்தில் ஒன்றும் இல்லை.

சரி, எப்படித்தான் கழற்றுவது? இடது பக்கக் கப்பையும் ஆக்ஸிலையும் முதலில் எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை உள்பக்கத்திலிருந்து விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் செயின் பக்கத்துக் கப்பில் எதிரெதிராக இருக்கும் இரண்டு தட்டைப் பக்கங்களை நல்ல கனமான வைஸில் இறுக்கிப் பிடித்து, கப்பை விட்டுவிட்டு பிரேமைத் திருப்புங்கள். செயின் பக்கம் கீழே இருக்கும், நீங்கள் மேலிருந்து பார்க்கிறீர்கள், பிரேம் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஸ்பேனர் வழுக்கும் பேச்சே இல்லை. மாட்டும்போது இந்தக் கப்பை நன்றாக இறுக்க வேண்டும், மிதிக்க மிதிக்கத் தளரும் பக்கத்தில்தான் அதன் மரை இருக்கிறது.

கிராங்க் கழற்றுவதிலும் இதே கதை. பழைய கம்பன்யோலோ கிராங்குக்கு அதை இழுத்துக் கழற்றும் 22 மி.மீ. புல்லர் வேண்டும், பிரெஞ்சு கிராங்க் சிலவற்றுக்கு 23 மி.மீ. பொருந்துகிற மாதிரி இருக்கிறதே என்று தவறான புல்லரைப் போட்டால் அலுமினிய மரை மாவாக உதிரும்.

ஆக்ஸில் நட்டுக்கு லேத் பட்டறையில் போய் மரை ஏற்றி வாங்காதீர்கள். கம்பன்யோலோ ரெக்கார்டு ஹப்பின் பின் ஆக்ஸில் 10 மி.மீ. கனம், அங்குலத்துக்கு 26 மரை. கடையில் கிடைக்கும் 10 மி.மீ. நட்டு 1 மி.மீ. இடைவெளி மரை. முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு கடிக்கும். பேரிங் குண்டு விஷயத்திலும் கவனம் தேவை: பின் ஹப்புக்கும் பிபிக்கும் கால் அங்குலம், முன் ஹப்புக்கு 7/32, ஹேண்டில் திரும்பும் ஹெட்செட்டுக்கு 3/16. ஓவராயில் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டினால் எது எங்கே என்று குழப்பம்தான், பழையதும் புதியதும் கலந்து போட்டாலும் குண்டு உருளும் கோன் சீக்கிரம் குழிவிழும்.

காலத்துக்குப் பொருந்திய பார்ட்ஸ் என்று சொல்லும்போது பலரும் பிராண்டைத்தான் பார்க்கிறார்கள், ஆண்டைப் பார்ப்பதில்லை. கம்பன்யோலோவின் நூவோ ரெக்கார்டு டிரெய்லர், அதாவது செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி, வந்தது 1967இல். சூப்பர் ரெக்கார்டு 1970களின் நடுவில்தான் சந்தைக்கு வருகிறது. 1968ஆம் ஆண்டு பிரேமில் சூப்பர் ரெக்கார்டை மாட்டினால் விலை கூடுமே தவிர பொருத்தம் வராது. 1970களின் டிரெய்லரில் பேட்டன்ட் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு இலக்கம் பொறித்திருப்பார்கள், 74 என்றால் 1974. பின் ஹப்பின் லாக் நட்டிலும் இதேபோல இரண்டு இலக்கத்தைப் பார்க்கலாம். படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாமல், அந்த இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின் ஃபோர்க்கின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். ஐந்து பல்சக்கரக் காலத்து பிரேம் என்றால் 120 மி.மீ., ஆறு பல்சக்கரம் வந்த பிறகு 126. இன்றைய 130 மி.மீ. சக்கரத்தைத் திணிப்பதற்காக ஃபோர்க்கைக் கையால் விரிக்காதீர்கள்.

பஃபிங் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பழைய கிராங்கில் மேலே ஒரு மெல்லிய அனோடைஸ் பூச்சு இருக்கும், அதன் மங்கலான வெள்ளிநிறம்தான் அந்தக் காலத்தின் முகம். பஃபிங் சக்கரத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் கண்ணாடி போலப் பளபளக்கும், பூச்சும் போகும், பொறித்த எழுத்தின் விளிம்பும் மழுங்கும். சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், மெல்லிய துணி போதும். குரோம் மேல் துருப்புள்ளி இருந்தால் அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

பெயின்ட்டும் அப்படித்தான். கீறல் விழுந்த அசல் பெயின்ட், புதுப் பெயின்ட்டைவிட மதிப்பானது. மணல் பீச்சி பழைய பெயின்ட்டை எடுப்பது முரட்டு வேலை, இத்தாலி பிரேம்களில் வரும் கொலம்பஸ் எஸ்.எல். என்ற ஸ்டீல் குழாயின் நடுப்பகுதி 0.6 மி.மீ. கனம்தான். அந்தக் குழாயை வைஸிலோ ஸ்டாண்டிலோ இறுக்கிப் பிடித்தாலே பள்ளம் விழும், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்டைப் பிடித்து மாட்டுங்கள். பவுடர் கோட்டிங் தடிமனாக உட்கார்ந்து, குழாய்கள் சேரும் இடத்து மூட்டான லக்கின் கூர் விளிம்புகளை எல்லாம் மூடிவிடும். விரிசல் இருந்தாலும் தெருமுனை வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள், அது பித்தளையோ வெள்ளியோ உருக்கி ஒட்டிய பிரேம்.

பெயின்ட்டுக்கு முன்னால் பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ஒரு நூல் போதும். பின் சக்கரத்து ஆக்ஸில் உட்காரும் டிராப்அவுட் ஒன்றில் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றி, மறுபக்க டிராப்அவுட் வரை இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளங்கள். சமமாக இல்லையென்றால் அதை விட்டுவிட்டு வேறு எந்த வேலையும் தொடங்காதீர்கள்.

டயரில் ஏமாறுவது சுலபம். கடையில் 28 இன்ச் என்று கேட்டால் கிடைப்பது நம் பெரிய சைக்கிளின் 28 x 1½, அதன் ரிம் அளவு 635 மி.மீ. ரேஸ் சைக்கிளின் 700சி என்பது 622. ஒட்டும் டியூபுலர் ரிம் என்றால் இதெல்லாம் ஆகவே ஆகாது, ரிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி டயரை ஒட்ட வேண்டும். சிறுமலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி அந்த சிமென்ட் இளகும். அழகர்கோவில் வரை காலையில் போய்வர இன்னொரு ஜோடி சக்கரம், சாதாரண ரிம்மோடு, அதே காலத்து 36 ஓட்டை ஹப்பில் கட்டி வைத்துக்கொள்வது நல்லது. அசல் சக்கரத்தைப் பத்திரமாகத் தொங்கவிடுங்கள்.

இத்தாலியில் காயோலே இன் கியான்டியில் 1997இலிருந்து நடக்கும் லெரோய்க்கா ஓட்டத்தின் விதியைப் படித்தால் ஒன்று புரியும். 1987க்கு முந்தைய சைக்கிள், கீழ்க்குழாயில் கியர் லிவர், டோ கிளிப் பெடல், வெளியில் தெரியும் பிரேக் கேபிள் என்று கேட்கிறார்களே ஒழிய, அந்தக் காலத்து பிரேக் ரப்பர்தான் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேபிள், ரப்பர், செயின் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். காய்ந்து கல்லாகிப்போன நாற்பது வருஷத்து ரப்பரோடு சிறுமலையில் இறங்க வேண்டாம்.

முக்கியமான ஒன்று: பழைய நூவோ ரெக்கார்டு கிராங்கில், கையும் முன் பல்சக்கரத்தைத் தாங்கும் கிளையும் சேரும் மூலையில் மெல்லிய விரிசல் விழுவது வழக்கம். அழுக்கு அடைந்திருந்தால் தெரியாது. நன்றாகத் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அதை ஓட்டாதீர்கள். ஹேண்டில் பாரில் ஸ்டெம் பிடிக்கும் இடத்தையும் டேப்பைப் பிரித்துவிட்டு இதேபோல் பாருங்கள்.