அரசுத் தரவைத் திறந்துவிடும்போது செய்யக் கூடாதவை

மழை அளவு, பேருந்து நேரம், நில அளவை, வரவு செலவுக் கணக்கு என்று அரசு அலுவலகங்கள் நாள்தோறும் சேர்க்கும் தரவுகள் மக்களின் வரிப்பணத்தில் உருவானவை. அவற்றை மக்களுக்கே இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பதைப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. அப்படியும் வெளியிட்ட தரவில் பெரும்பங்கு யாருக்கும் உதவாமல் கிடக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் அதை எடுத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் வேலைக்குப் பயன்படுத்த முடிய வேண்டும். அதற்கு எங்கெங்கே தடை விழுகிறது என்று பார்ப்போம்.

அதிகம் கவனிக்கப்படாத தவறு உரிமம். கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டு அதன் பயன்பாட்டு நிபந்தனை பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டப்படி, எதுவும் சொல்லாவிட்டால் உரிமை முழுவதும் வெளியிட்டவருக்கே. தரவிறக்கியவர் அதை வைத்து ஒரு செயலி செய்யலாமா, வேறொரு தரவோடு சேர்த்து வெளியிடலாமா என்று தெரியாமல் கைவிட்டுவிடுவார். கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற பலரும் அறிந்த உரிமம் ஒன்றைத் தரவின் பக்கத்திலேயே குறிப்பிட்டால் போதும். சொந்தமாக ஐந்து பக்க நிபந்தனை எழுத உட்கார வேண்டாம். அதைப் படித்துப் புரிந்துகொள்ள வக்கீல் வைக்க யாரிடம் காசு இருக்கிறது?

‘வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை’ என்று சேர்ப்பதும் தவறுதான். நல்ல எண்ணத்தில் சேர்க்கப்படும் இந்த வரி, விளம்பரம் போடும் சிறு செய்தித் தளத்தையும் தடுக்கும். அந்த நிபந்தனையோடு வரும் தரவை விக்கிப்பீடியாவும், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் ஏற்க முடியாது.

விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் நல்ல சாட்சி. ஒரு படம் சுமார் 600 டாலருக்கு விற்கப்பட்டு வந்தது. 2008-ல் அமெரிக்க அரசு சேமித்து வைத்திருந்த படங்கள் முழுவதையும் இலவசமாக்க முடிவு செய்தது. 2013-ல் வெளியான உலகக் காட்டுப்பரப்பு மாற்ற வரைபடத்துக்கு 6,50,000-க்கும் அதிகமான படங்கள் பயன்பட்டன. பழைய விலையில் கணக்குப் போட்டால் 39 கோடி டாலர். எந்த ஆய்வுக் குழுவும் அதைக் கட்டியிருக்காது. அந்த வரைபடமே வந்திருக்காது.

அடுத்தது கோப்பு வடிவம். அட்டவணையை அச்சிட்டு, முத்திரை வைத்து, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுவது பல அலுவலகங்களில் வழக்கம். அது எண்களின் புகைப்படம், அவ்வளவுதான்; அதை வைத்து நேரடியாகக் கணக்குப் போட முடியாது. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு: யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணத்திலிருந்து நகலெடுத்தால் வருவது குப்பை எழுத்துகள்.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பாகவே கொடுத்தாலும் உள்ளே பார்க்க வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்றால் அங்கே பூஜ்யமா, அளக்கவே இல்லையா? 03/04/2019 என்பது ஏப்ரலா, மார்ச்சா? 2019-04-03 என்று எழுதினால் இந்தச் சந்தேகமே வராது. 007 என்ற குறியீட்டைத் திறந்து சேமித்ததும் விரிதாள் மென்பொருள் அதை 7 ஆக்கிவிடும்; அப்புறம் வேறு அட்டவணையோடு பொருத்தவே முடியாது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு, எப்படிச் சேகரித்தோம் என்ற விவரக் குறிப்பு ஒன்று கூடவே இருக்க வேண்டும்.

தனியுரிமையில்தான் மிக அதிகக் கவனம் தேவை, ஏனென்றால் வெளியே போன தரவைத் திரும்ப வாங்க முடியாது. 2014-ல் நியூயார்க் டாக்சிப் பயணங்கள், 17 கோடிக்கும் மேல், பொதுவெளிக்கு வந்தன. வண்டி எண்களையும் ஓட்டுநர் உரிம எண்களையும் எம்டி5 முறையில், அதாவது ஒவ்வொரு எண்ணையும் புரியாத ஒரு நீண்ட குறியீடாக மாற்றி, மறைத்திருந்தார்கள். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே குறியீடுதான் வரும். ஆனால் அந்த எண்கள் குறிப்பிட்ட சில அமைப்புகளில் மட்டுமே வரக்கூடியவை. சாத்தியமான எல்லா எண்களையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்த்து மொத்தத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயரை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியடையக் கூடாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தாலே பலரை அடையாளம் காட்டிவிடும். தனிமனிதர் பற்றிய தரவு என்றால், வெளியிடும் முன் அதை உடைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்.

இதைச் சாக்காக வைத்து மழை அளவையும் பேருந்து நேரத்தையும் பூட்டி வைப்பதும் சரியில்லை. அவற்றில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. ‘முழுசாகச் சரிபார்த்த பிறகு வெளியிடலாம்’ என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். தெரிந்த குறைகளை எழுதி வைத்து வெளியிட்டால் போதும். இணைப்பு முகவரியை அடிக்கடி மாற்றாதீர்கள். புதுப்பிப்பை நிறுத்தினால் நிறுத்திய தேதியைப் போடுங்கள்.

பிழையைச் சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரியும், அதைப் படித்துப் பதில் எழுத ஒரு ஆளும் வேண்டும். ஒரு பேருந்து நிறுத்தம் வரைபடத்தில் ஆற்றின் நடுவே விழுகிறது என்று யாராவது எழுதினால், வெளியிட்ட கோப்பில் மட்டும் திருத்தாமல் துறையின் மூலப் பதிவேட்டிலும் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதப் புதுப்பிப்பில் அதே நிறுத்தம் மறுபடி ஆற்றுக்குள் போய்விடும்.