கல்லில் இருப்பதும் கதையில் இருப்பதும்: வன்னியில் வரலாறு படிப்பிக்கும்போது விடுகிற பிழைகள்

தரம் 10 வகுப்பில் ஒருநாள், வடஇலங்கையின் வன்னிப் பகுதியை ஆண்ட பண்டாரவன்னியன் எப்படி இறந்தார் என்று கேட்டேன். வகுப்பு முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது: 1803 ஒக்டோபர் 31, கற்சிலைமடுவில், வெள்ளைக்காரனோடு நடந்த சண்டையில், காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்ததால்.

பிறகு கற்சிலைமடுவில் இருந்த பழைய நடுகல்லின் படத்தைக் காட்டினேன். அந்தக் கல் பின்னாளில் உடைக்கப்பட்டுவிட்டது, படம் இருக்கிறது. ஆங்கிலத்தில் சில வரிகள்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31. அவ்வளவுதான்.

"நீங்கள் சொன்னதில் எது இதில் இருக்கு?" என்று கேட்டேன். திகதி இருந்தது. ஊர் ஏறத்தாழ இருந்தது. சாவு இல்லை. காக்கை வன்னியனும் இல்லை.

வரலாற்றுப் பாடம் பக்கச்சார்பானதா என்று எங்கள் ஊரில் கதை எழும்பினால் பேச்சு நேரே கொழும்புக்குப் போய்விடும். பாடநூல் யார் எழுதுவது, யாருக்காக எழுதுவது என்று சூடாகும். அது தேவையான கதைதான். ஆனால் வகுப்புக்குள் நாங்களே விடுகிற பிழைகள் கொஞ்சமல்ல. முப்பது வருடத்தில் நான் விட்டவையும் இதில் அடக்கம்.

சான்று வேறு, மேடை வேறு

அந்தக் கல்லோடு இன்னும் கொஞ்சம் இருப்போம். அதை நட்டது வென்ற தரப்பு. வென்றவன் தான் வென்ற நாளுக்குத்தான் கல் நடுவான். அதே வருடம் ஓகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிப் பிடித்தது அந்தக் கல்லுக்குத் தேவையில்லாத சங்கதி. "சுற்றுவட்டாரத்தில்" என்ற சொல்லையும் பாருங்கள். கல்லை நட்டவருக்கே சரியான இடம் இதுதான் என்று விரல்நீட்டிச் சொல்ல முடியவில்லை. நாங்களோ அந்த இடத்திலேயே ஒரு மரணத்தையும் வைத்துவிட்டோம். 1803க்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்தார் என்று சொல்லும் பதிவுகள் உண்டு.

காக்கை வன்னியன் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. அது எங்களுக்கு வந்த வழி நாடக மேடையும் புதினமும் ஊர்வாய்ப் பேச்சும். அந்த வழியையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன். கூத்துப் பார்த்துக் கண்ணீர் விடலாம். அதை அப்படியே விடைத்தாளில் இறக்கினால்தான் பிழை.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு வரலாறு தனிப்பாடமாக இல்லாமல் போய், சமூகக்கல்விக்குள் கரைந்தது. நான் படித்தது அதைத்தான். மறுபடி தனிப்பாடமாக வந்தது 2000களில். இடையில் படித்த ஒரு தலைமுறைக்கு, அதாவது இன்றைய பெற்றோர் பலருக்கும் ஆசிரியர் பலருக்கும், பாடசாலையில் வரலாறு சரியாகக் கிடைக்கவில்லை. வெற்றிடம் வெற்றிடமாக இருக்குமா? கோயில் திருவிழா நாடகமும் கூட்ட மேடையும் வந்து நிரப்பின.

இன்னொன்று. வன்னியர் என்றால் எங்கள் ஆட்கள் மட்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தெற்கே நுவரகலாவியவிலும் (இன்றைய அநுராதபுரப் பகுதி) வன்னியர் என்ற பட்டத்தோடு சிங்களத் தலைவர்கள் இருந்தார்கள். 1803 கண்டி இராச்சியமும் ஆங்கிலேயரும் போரில் இருந்த வருடம். அப்போது கண்டியில் அரசனாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன். இதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "தமிழன் எதிர் வெள்ளையன்" என்று ஒற்றைக் கோட்டில் சொல்லிவந்த கதைக்குள் கண்டியும் நுவரகலாவியவும் வந்து இருந்துகொள்ளும். பிள்ளைகள் குழம்புவார்கள். குழம்பட்டும், வகுப்பு அதற்குத்தான் இருக்கிறது.

பாடநூலைத் தூக்கி எறிவது

தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் புத்தகம், 1980இலிருந்து எல்லாருக்கும் இலவசம். அதில் அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் கிடைக்கிற இடத்தையும் வன்னியர் ஆண்ட சிற்றரசுகளான வன்னிமைகளுக்குக் கிடைக்கிற இடத்தையும் பார்த்தால் யாருக்கும் மனம் சுருங்கும். மொழிபெயர்ப்புத் தமிழ் சில பக்கங்களில் நாக்கில் ஒட்டாது. இதைச் சொல்லி "உதெல்லாம் அவங்கட கதை, பாடமாக்கிப் பாஸ் பண்ணு" என்று கைகழுவும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நானும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்ட பிள்ளை, வரலாறு என்பது நம்பாமலே மனனம் செய்கிற ஒரு சாமான் என்று படித்துக்கொள்கிறது.

நீர்ப்பாசன அத்தியாயத்தை எடுங்கள். குளத்து நீர் வெளியேறும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பான பிசோக்கொட்டுவ என்ற சொல்லைப் பிள்ளை பத்துத் தரம் எழுதிப் பார்க்கும். அதே பிள்ளை மாரிக்கு "குளம் வான் பாயுது" என்று சைக்கிளில் பறந்து போய்ப் பார்க்கிற பிள்ளை. துருசு (மதகு) எங்கே, கலிங்கு எங்கே என்று ஆசிரியருக்கே சொல்லித்தரும். கட்டுக்கரைக்குளமும் வவுனிக்குளமும் பழங்காலக் குளங்கள், காடு மூடிக் கிடந்து பின்னாளில் திருத்தப்பட்டவை. புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குளக்கட்டில் நின்று படிப்பித்தால், அந்தத் தொழில்நுட்பம் யாருக்கும் எழுதிக்கொடுத்த சொத்தல்ல என்பது தன்னால் விளங்கும்.

எல்லாளனை இன்றைய சண்டைக்குக் கூப்பிடுவது

அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன், அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு பாடம் வந்தால் வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். தெற்கில் ஒரு பக்கம் கைதட்டு, எங்களிடம் மறுபக்கம். இரண்டு பேரும் சண்டையிட்டது கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு. அதை விரிவாகச் சொல்லும் பாளி வரலாற்று நூலான மகாவம்சம் தொகுக்கப்பட்டது கிறிஸ்துவுக்குப் பின் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில், அநுராதபுரத்து மகாவிகாரையில். இடையில் அறுநூறு வருடத்துக்கு மேல். இன்று ஒரு துறவி, நாயக்கர் காலத்துக்கு முந்திய ஒரு சண்டையைப் பற்றி எழுதுவது போல.

சரி, அந்த நூலையே வாசிப்போம். எல்லாளன் 44 வருடம் ஆண்டான், நண்பன் பகைவன் பாராமல் நீதி செய்தான் என்று எழுதியிருப்பது அதே மகாவம்சம். கன்றை இழந்த பசு மணியடித்த கதையும் அதில் இருக்கிறது, எங்கள் மனுநீதிச் சோழன் கதையேதான். துட்டகைமுனுவின் பத்து மாவீரர்களில் ஒருவனான நந்திமித்திரன், எல்லாளனின் தளபதி மித்தனுடைய மருமகன் என்கிறது அந்த நூல். சொந்த மாமன் எதிர்ப்படையில். இதைச் சொல்லிவிட்டு "இப்ப சொல்லுங்கோ, இது எந்த இனத்துக்கும் எந்த இனத்துக்கும் நடந்த சண்டை?" என்று கேட்டுப் பாருங்கள். கைதட்ட எழும்பியவர்கள் மெல்ல இருப்பார்கள்.

இதே பிழையின் தம்பி ஒருவன் உண்டு. காட்டுக்குள் ஒரு பழைய விகாரைச் சிதைவு தெரிந்தால் உடனே "அப்ப இது சிங்கள ஊர்" என்று ஒருவர், "இல்லை, இதைக் கொண்டுவந்து வைத்தது" என்று இன்னொருவர். முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் இந்தச் சண்டை வழக்கு வரை போனது எல்லாருக்கும் தெரியும். பௌத்தம் என்றால் சிங்களம் என்று எந்தக் காலத்துக்கும் சமன்பாடு போட முடியாது. மணிமேகலையைத் தந்தது தமிழ்ப் பௌத்தம். வீரசோழியம் என்ற இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். தமிழ்ப் பாடத்தில் இதைப் படிப்பிக்கிறோம், வரலாற்றுப் பாடத்தில் மறந்துவிடுகிறோம். பாடவேளை மாறினால் பிள்ளையின் மூளையும் மாறுமா என்ன?

எங்கள் கதையிலும் கிழிந்த பக்கங்கள் உண்டு

இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். பாடநூல் எங்களை விட்டுவிட்டது என்று சொல்கிற நாங்கள் யாரை விட்டோம்?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் தலைமுறையாக இருந்தவர்கள், பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போனார்கள். எங்கள் வகுப்புகளில் இடப்பெயர்வு என்றால் 1995 வரும், 2009 வரும். 1990 வராது. திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை அதே வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

மலையகத்திலிருந்து வந்தவர்களும் அப்படித்தான். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 குடியுரிமைச் சட்டம் பாடத்தில் உண்டு. 1977 வன்முறைக்குப் பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களை அந்தச் சட்டத்தோடு இணைத்துச் சொல்வது மிகக் குறைவு. "நீங்கள் எப்ப வந்தனீங்கள்?" என்ற கேள்வியை அந்தப் பிள்ளையிடம் மட்டும் கேட்கிறோம். இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரின் பேரனிடம் கேட்பதில்லை. இருவரும் வந்தவர்கள்தான்.

அம்மம்மாவிடம் ஆண்டு கேட்பது

போர்க்காலம் பற்றி வகுப்பில் பேசுவது கத்திமேல் நடப்பது. யார் வீட்டில் யார் இல்லை என்று தெரியாமல் எழுந்தமானமாகக் கேள்வி கேட்கக் கூடாது. "வீட்டில் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று ஒப்படை கொடுக்கவும் கூடாது. ஒருமுறை கொடுத்தேன். ஒரு பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை.

வேறு காலங்களைக் கேட்கலாம், காணி வெட்டிய கதை, கிணறு தோண்டிய கதை. அங்கேயும் ஆண்டைக் கேட்டால் மூத்தவர்கள் தடுமாறுவார்கள், பிள்ளை அதை "ஆதாரமில்லை" என்று எழுதிவிடும். அவர்கள் நாட்காட்டி வேறு. 64 சூறாவளிக்கு முன்னமா பின்னமா, ஜெயசிக்குறு ஆமி நடவடிக்கை தொடங்கேக்க நீங்கள் எங்க இருந்தனீங்கள், ஏ9 பாதை திறந்தபோது வீடு கட்டியாச்சா என்று கேளுங்கள். ஆண்டு தானாக வந்து விழும். 1964 டிசம்பர், 1997 மே, 2002 என்று பக்கத்தில் நீங்கள் குறித்துக்கொள்ளலாம். அம்மம்மா சொன்னதும் ஒரு சான்றுதான், கல்லைப் போல. யார் சொன்னது, எங்கே நின்று பார்த்தவர் என்று அதையும் கேட்க வேண்டும்.

நடுகல் படம் காட்டிய அன்று பாடம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பெடியன் பின்னால் ஓடிவந்தான்.

"சேர், பேப்பரில கேட்டா எதை எழுதுறது?"

"எத்தனை புள்ளிக் கேள்வி?"

"ரண்டு."

"அப்ப ஆண்டை எழுது, தோற்கடிக்கப்பட்டார் எண்டு எழுது. மிச்சத்தைக் கொப்பியில எழுதி வை."

அடுத்த கிழமை கொப்பி திருத்தும்போது பார்த்தேன். கல்லின் வாசகத்தை எழுதி, கீழே பென்சிலால் ஒரு வரி: தோத்த ஆளின்ர பேரை ஏன் சேர் அவங்கள் கல்லில வெட்டினவங்கள்?